எழுத விரும்பும் மாணவருக்கு என்ன வழி சொல்வது?

“எழுத்தாளர் ஆகணும்னா என்ன படிக்கணும் மிஸ்?” மேல்நிலை வகுப்புகளில் உயர்கல்வி வழிகாட்டல் நடத்தும் நம்மில் பலர் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்போம். பொறியியல், செவிலியர் படிப்பு, சட்டம், ஐ.டி.ஐ. என்று எதைக் கேட்டாலும் நம்மிடம் பதில் இருக்கிறது. 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியபின் கல்லூரி, கட்டணம், உதவித்தொகை பற்றிய விவரங்கள் ஓரளவு கைவசம் இருக்கின்றன. எழுத்து என்று வந்தால் மட்டும் இரண்டு வாக்கியங்களில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். “முதல்ல ஒரு வேலைக்குப் போ, எழுத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்போம். அல்லது, “உனக்குத் திறமை இருக்கு, கண்டிப்பா பெரிய ஆளா வருவே” என்போம். இரண்டிலுமே அந்தப் பிள்ளைக்குப் பயன்படும் தகவல் ஒன்றும் இல்லை.

நான் பணியாற்றும் பள்ளி ஆவடிப் பக்கம் இருக்கிறது. எங்கள் பெற்றோர்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்ப்பவர்கள் உண்டு. டேங்க் ஃபேக்டரியில் ஒப்பந்த வேலை செய்பவர்கள் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தள்ளுவண்டிக் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. வாடகையும் தவணையும் தேதி தவறாமல் கேட்கும் வீடுகள். “எழுத்து சோறு போடுமா டீச்சர்?” என்று ஒரு தாய் கேட்டால் அதை இலக்கிய ரசனை இல்லாத கேள்வி என்று ஒதுக்க முடியாது. அது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கோடு பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்காமல், பலருக்கும் எழுதிக் கொடுத்து வாழ்பவரை ‘ஃப்ரீலான்ஸ்’ எழுத்தாளர் என்கிறோம். தமிழில் ‘முழுநேர எழுத்தாளர்’ என்று சொல்லி வந்திருக்கிறோம். அப்படி வாழ முடியுமா என்றால், முடியும். ஆனால் புத்தகம் விற்ற பணத்தில் மட்டும் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. எழுத்தோடு தொடர்புடைய பல வேலைகளைச் சேர்த்து, தான் எழுதியதன் உரிமையைக் கைவிடாமல், வரவு செலவை ஒழுங்காக வைத்துக்கொண்டவர்களே நீண்ட காலம் நின்றிருக்கிறார்கள். மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

புத்தகக் கணக்கு

முதலில் புத்தகம். தமிழில் பொதுவாகப் பேசப்படும் ராயல்டி, நூலின் விலையில் 10 விழுக்காடு. 200 ரூபாய் விலையுள்ள நாவல் 1,000 படிகள் விற்றால் ஆசிரியருக்கு 20,000 ரூபாய். அந்த நாவலை எழுத ஓராண்டு ஆகியிருந்தால் மாதத்துக்கு 1,700 ரூபாய்கூட இல்லை. இன்று பல நூல்கள் 100, 200 படிகளாகத் தேவைக்கேற்ப அச்சாகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலக ஆணை கிடைத்தால் விற்பனை கூடும். அது எந்த ஆண்டு வரும் என்று நம்பி வாடகை வீடு பிடிக்க முடியாது.

தமிழ் வாசகர்கள் வாங்குவதில்லை, அதனால்தான் இப்படி என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது பாதி உண்மை. ஆங்கிலப் புத்தகச் சந்தை எவ்வளவு பெரியது! அங்கே பிரிட்டனில் 2022இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் எழுத்தால் ஈட்டிய ஆண்டு வருமானத்தின் இடைநிலை அளவு 7,000 பவுண்டு என்று தெரியவந்தது. அதாவது அவர்களில் பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு. அந்நாட்டில் ஒருவர் வாழ இது போதாது. ஆகவே இது மொழியின் குறையன்று, தொழிலின் இயல்பு.

அசோகமித்திரனின் கணக்கு

எழுத்தை நம்பி வாழ்ந்தவர்களில் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல மிகப் பொருத்தமான வாழ்க்கை அசோகமித்திரனுடையது என்பது என் எண்ணம். அவர் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இறந்தபின் 1952இல் சென்னைக்கு வந்தார். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். நாளிதழ்களில் வந்த செய்திகளை வெட்டி எடுத்துக் கோப்புகளில் சேர்ப்பது அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை என்று பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். 1966இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தமிழில் சிறுகதையும் நாவலும் எழுதினார். கூடவே ஆங்கில இதழ்களுக்குக் கட்டுரையும் நூல் மதிப்புரையும் எழுதினார். ‘கணையாழி’ இதழின் ஆசிரியர் பொறுப்பை நீண்ட காலம் பார்த்தார். இரண்டு மொழிகளில் எழுதும் திறன் அவருக்கு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருந்தது. ஒன்றில் வரவு நின்றால் இன்னொன்றில் ஏதாவது வரும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே அனுபவத்தை அவர் எத்தனை விதமாகப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். ஜெமினியில் பார்த்த திரைத்துறை வாழ்க்கை 1969இல் ‘கரைந்த நிழல்கள்’ என்ற நாவலாயிற்று. அதே ஸ்டுடியோ நினைவுகள் ஆங்கிலக் கட்டுரைகளாயின. பின்னர் 2002இல் ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ என்ற நூலாயின. அதிலிருந்து ஒரு பகுதி ‘பொயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்’ என்ற பாடமாக என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நூலில் இடம்பெற்றது. ஆவடியில் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இவர் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்வந்தார். அந்தப் பயணமும் வீணாகவில்லை. ‘ஒற்றன்’ என்ற நாவலாயிற்று. 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வேலையை விட்டு முப்பது ஆண்டுகள் கழித்து வந்த விருது அது. 2017இல் மறையும்வரை எழுதினார்.

அது வசதியான வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. குடும்பஸ்தர்; மூன்று பிள்ளைகள். பணத்தட்டுப்பாட்டைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் இவர் கதையைச் சொல்லும்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டு விருதை மட்டும் சொன்னால் அது வழிகாட்டல் ஆகாது.

மற்றவர்கள் வேறு வேறு வழிகளைத் தேர்ந்தார்கள். வல்லிக்கண்ணன் அரசு வேலையை விட்டுவிட்டு எழுத்துக்கு வந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, செலவை மிகச் சுருக்கி வாழ்ந்தார். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். எழுதிக் குவித்ததில் பல முழுநேர எழுத்தாளர்களை மிஞ்சினார். ஆனாலும் சம்பளத்தை விடவில்லை. கோவை ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். மாத நாவல் என்ற சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து உழைத்தவர். புதுமைப்பித்தனின் கதை நமக்குத் தெரிந்ததே. இதழ் வேலை, பிறகு சினிமா வசனம், சொந்தப் படக் கம்பெனி, அதில் இழப்பு, காசநோய், 1948இல் நாற்பத்திரண்டு வயதில் மரணம். மேதைமைக்கும் வருமானத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் துறையிலிருந்தே சொல்வதானால் இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடலூரில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த ஆயிஷா இரா. நடராசன் 2014இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய விருது பெற்றார். வேலையில் இருந்துகொண்டு எழுதுவது தரத்தில் குறைந்த வழி என்று எந்த மாணவரும் நினைக்கத் தேவையில்லை.

இன்று யார் காசு கொடுத்து எழுத்தை வாங்குகிறார்கள்?

எழுத்து என்றால் கதை, கவிதை என்று மட்டும் நினைப்பதால்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். நம் பகுதியிலேயே சுற்றிப் பாருங்கள். தமிழின் பழைய பதிப்பகங்களில் ஒன்றான நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இருப்பது அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில்தான். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பதிப்பகம்! நம்மில் பலர் சிறுவயதில் படித்த சோவியத் சிறுவர் நூல்கள் இந்நிறுவனம் வழியாகத்தான் தமிழ்நாட்டில் பரவின. அவற்றை மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றோர் மாஸ்கோவுக்கே போய் அங்கிருந்து மொழிபெயர்ப்பையே வேலையாகச் செய்தவர்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் ‘மொழிபெயர்ப்புக் கல்வி’ பாடம் நடத்துகிறோமே, அதில் மேற்கோளாக வரும் மணவை முஸ்தபா ‘யுனெஸ்கோ கூரியர்’ இதழின் தமிழ்ப் பதிப்புக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். பாடத்தின் பொருளும் அதில் மேற்கோளாக வருபவரின் பிழைப்பும் ஒன்று என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு புத்தகம் வெளிவர எழுத்தாளர் தவிர மொழிபெயர்ப்பாளர், பிரதியைச் செம்மை செய்பவர், மெய்ப்புத் திருத்துபவர் எல்லோரும் வேண்டும். இவை எல்லாம் வெளியாட்களிடம் கொடுத்து வாங்கும் வேலைகளே. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்து, பிரதி திருத்தித் தரும் நிறுவனங்கள் சென்னையில் நிறைய உண்டு; ஆங்கில இலக்கணத்தில் உறுதியானவர்கள் முதலில் அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்து தொழில் கற்கலாம். திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் வசன வரி எழுத வேண்டும். பிறமொழிப் படங்களுக்கு டப்பிங் வசனம் வேண்டும். தொண்டு நிறுவனங்களின் அறிக்கை, வங்கிச் செயலியில் வரும் அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், எஸ்டேட் கம்பெனியின் சுவரில் தொங்கும் பாதுகாப்பு விதிகள் என எல்லாவற்றையும் யாரோ எழுதியிருக்கிறார்கள்; கூலியும் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் சொன்னதை மோசமாக மொழிபெயர்த்தால் ஒரு தொழிலாளியின் விரல் போகும். ஆகவே அதைச் சின்ன வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது இந்த வேலையில்தான் இருக்கிறார். பி.ஏ. முடித்ததும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளில் அங்கே வந்துபோகும் பதிப்பாளர்கள் பழக்கமானார்கள். பிறகு வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு. காலையில் மொழிபெயர்ப்பு, பிற்பகலில் திருத்தம், சொந்தக் கதைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நேரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார். எப்போதும் வேலை தரும் இரண்டு மூன்று இடங்கள் இருந்தால்தான் மாதம் ஓடும், ஒரே இடத்தை நம்பினால் அந்த ஆள் மாறும்போது வேலையும் போய்விடும் என்பார். “வேலை வர்றது கஷ்டமில்ல மிஸ், காசு வர்றதுதான் கஷ்டம்.” பில் அனுப்பி மூன்று மாதம் கழித்தும் பணம் வராமல் போவதுண்டாம். அதனால் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வைத்த பிறகே அச்சக வேலையை விட்டிருக்கிறார். பெரிய வேலை என்றால் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வாங்காமல் தொடங்குவதில்லை. எழுத்துப் பட்டறைகளில் இதையெல்லாம் யாரும் கற்றுத் தருவதில்லை.

விலை சொல்லும் கணக்கையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் கவனமாக 1,500 சொற்கள் மொழிபெயர்க்க முடியும் என்றால் 1,500 ரூபாய். மாதத்தில் 25 நாளும் வேலை இருக்காது; 15 நாள் என்று வைத்தால் 22,500. அதில் மின்கட்டணம், இணையம், கணினிப் பழுது எல்லாம் போகும். பி.எஃப். கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது, கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. நமக்குக் கிடைப்பவை எல்லாம் எத்தனை பெரியவை என்பது அப்போதுதான் உறைக்கும். பிடித்தம் செய்யப்பட்ட வரியைத் திரும்பப் பெற ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மாணவர்களிடம் சொல்லி வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்த வேலைகள் இருக்குமா என்று கேட்பீர்கள். எளிய மொழிபெயர்ப்புக்கான கூலி இறங்கியிருக்கிறது. கருவி தரும் வரைவைத் திருத்திக் கொடுங்கள் என்று பாதிக் கூலிக்குக் கேட்கிறார்கள். ஆனால் அந்த வரைவில் தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஆள் வேண்டும். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் தெரியாதவர் அதைத் திருத்த முடியாது. இலக்கணம் நடத்தும்போது “இது எதுக்கு?” என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

என்ன படிக்க வேண்டும் என்ற முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கென்று கட்டாயப் பட்டம் எதுவும் இல்லை. தமிழ், ஆங்கிலம், இதழியல் ஆகியவை நேரடியாக உதவும். ஆனால் வேளாண்மையோ சட்டமோ கணக்கியலோ படித்துவிட்டு நன்றாக எழுதத் தெரிந்தவருக்குப் போட்டி குறைவு என்பது என் கணிப்பு. அந்தத் துறைகளைத் தெளிந்த தமிழில் எழுத ஆள் கிடைப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன்

எழுதுபவரின் உண்மையான சொத்து அவருடைய பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதை அவர் எழுதிய கணத்திலேயே கொடுத்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. வாழ்நாள் முழுதும், இறந்தபின் மேலும் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். அசோகமித்திரன் மறைந்தது 2017. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு எண்ணினால், 2077 முடியும்வரை அவர் நூல்களின் உரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும்.

இந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர எழுத்துவழி ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது சட்டத்தின் 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று இல்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது எழுதியவருக்கே திரும்பிவிடும். எழுதுபவருக்குச் சாதகமாகச் சட்டம் இவ்வளவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும், எல்லா வடிவங்களுக்கும்’ என்று ஒரு வரி இருந்து, அதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். நாவலை அச்சிட உரிமை கேட்பவருக்கு அச்சிடும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவை வேறு வேறு உரிமைகள். வேறு வேறு வருமானங்கள். ‘கரைந்த நிழல்கள்’ எழுதியவர் அதே அனுபவத்தை ஆங்கிலத்தில் மறுபடியும் எழுதியதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பாரதியைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? வாழ்ந்தபோது வருமானமின்றித் தவித்தவரின் பாடல்களுக்கு, அவர் மறைந்தபின் இசைத்தட்டு உரிமை, திரைப்பட உரிமை என்று விலை வந்தது. அவை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தன. 1949இல் அரசு அவற்றைப் பெற்றது. 1955இல் பாரதியின் படைப்புகள் மக்கள் உடைமையாயின.

காசு கொடுத்து வாங்கும் விருது

இதை ஆசிரியர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘உங்கள் கவிதை தொகுப்பு நூலில் இடம்பெறத் தேர்வாகியுள்ளது, பங்களிப்புத் தொகை 1,000 ரூபாய், சான்றிதழ், கேடயம், விருது உண்டு’ என்ற செய்தி நம் கைப்பேசிக்கு வராத மாதம் இல்லை. ஐம்பது பேரிடம் ஆளுக்கு 1,000 ரூபாய் என்றால் 50,000. நூறு படி அச்சிட்டு, சால்வை போர்த்தி, மதியச் சாப்பாடு போட்டபின்னும் மிச்சம் இருக்கும். ‘உங்கள் நாவலை வெளியிடுகிறோம், 25,000 மட்டும் கட்டுங்கள்’ என்பது இதன் பெரிய வடிவம். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தவறில்லை. பல நல்ல நூல்கள் அப்படி வந்திருக்கின்றன. அப்படிப் போடுபவர் அச்சகத்திடம் நேரடியாக விலை கேட்டு, அச்சான படிகள் எல்லாவற்றையும் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். பதிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு பணமும் வாங்கி, உரிமையையும் எழுதி வாங்குபவரிடம்தான் எச்சரிக்கை தேவை. எழுதியவருக்குக் காசு தருவதுதான் பதிப்பு. எழுதியவரிடம் காசு வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு. நாம் அந்தக் கேடயத்தைத் தலைமை ஆசிரியர் அறையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், எழுத்தாளர் ஆக அதுதான் வழி என்று மாணவரும் நம்பிவிடுவார்.

எழுதும் ஆசிரியர்கள் இன்னும் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, தனியார் வேலைக்கும் வணிகத்துக்கும் முன்அனுமதி கேட்கின்றன. அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணியை, அலுவல் பாதிக்கப்படாதவரை, வேறாகப் பார்க்கின்றன. நூல் வெளியிடும் முன் தலைமை ஆசிரியர் வழியாக எழுத்தில் தெரிவித்து, நடப்பிலுள்ள அரசாணையைக் கேட்டு, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தனியார் கைடு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் எழுதுவதை இலக்கியப் பணி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்தது உரிமை. துறைக்காகப் பணியின் பகுதியாக நாம் தயாரிக்கும் பயிற்சிக் கையேட்டின் உரிமை அரசுக்குரியது; வீட்டில் நம் நேரத்தில் எழுதும் கதையின் உரிமை நம்முடையது.

வகுப்பறையில்

இதற்கெல்லாம் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. தமிழ்ப் பாடநூலில் ‘மொழியை ஆள்வோம்’ பகுதியில் மொழிபெயர்ப்புப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுகிறோம். நான் பதினொன்றாம் வகுப்பில் அதைச் சற்று மாற்றிச் செய்கிறேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழு வேலை கொடுப்பவர்; மறு குழு மொழிபெயர்ப்பவர். எத்தனை சொல், என்றைக்குள் வேண்டும், எவ்வளவு கூலி, திருத்தம் எத்தனை முறை என்று பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்தபின் பில் எழுத வேண்டும். பெயர், தேதி, சொல் எண்ணிக்கை, தொகை, வங்கி விவரத்துக்கான இடம் எல்லாம் இருக்க வேண்டும். முதல் முறை பெரும்பாலான பிள்ளைகள் கூலி கேட்கவே கூச்சப்படுவார்கள். பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமாக. “நூறு ரூபாய் போதும் மிஸ்” என்பார்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டு வகுத்துப் பார்க்கச் சொன்னால், எஸ்டேட்டில் தங்கள் அண்ணன் வாங்கும் நாள்கூலியோடு தாங்களாகவே ஒப்பிட்டு, தாளை வாங்கித் திருத்துவார்கள்.

கடிதம் எழுதும் பயிற்சியில் நூலகம் அமைக்கக் கோரும் விண்ணப்பத்தோடு இதழ் ஆசிரியருக்குப் படைப்பு அனுப்பும் கடிதத்தையும் சேர்க்கலாம். சன்மானம் உண்டா என்று மரியாதையாகக் கேட்கும் ஒரு வரியும் அதில் இருக்கட்டும். அனுப்புவதற்கு நம் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் இருக்கின்றன. அறிவியல் எழுத விரும்பும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இருக்கிறது. அனுப்பும் முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும், ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாமல் இருக்கவும் சொல்லித் தர வேண்டும்.

எங்கள் வகுப்பு நூலக அலமாரியில் இதற்கென ஒரு நோட்டு இருக்கிறது. அனுப்பிய தேதி, தலைப்பு, இதழ், வந்த பதில், சன்மானம் என்று ஐந்து கட்டங்கள். எழுதுவது, பராமரிப்பது எல்லாம் மாணவர்களே. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு அதில் முதன்முதலாக 250 ரூபாய் என்று ஒரு பதிவு விழுந்தது. அந்தப் பையன் அதை நீல மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான்.